நாக்கு எங்க தொடுது? பேச்சு ஒலிகள உங்க வாய வெச்சே கத்துக்கிறது எப்படி

க ங ச ஞ ட ண த ந ப ம. இத ஒன்னாங்கிளாஸ்ல எல்லாரும் ராகம் போட்டு மனப்பாடம் பண்ணிருப்போம், ஆனா இந்த வரிசை ஏன் இப்படி இருக்குன்னு பெரும்பாலும் யாரும் சொல்லித் தர்றதில்ல. இப்ப ஒரு தடவ மெதுவா, ஒவ்வொன்னுக்கும் நடுவுல நிறுத்தி நிறுத்தி சொல்லிப் பாருங்க. சத்தத்த கவனிக்காதீங்க, வாய்க்குள்ள எது எங்க போய் ஒட்டுதுன்னு மட்டும் கவனிங்க. க சொல்லும்போது நாக்கோட பின்பக்கம் தொண்டைக்கிட்ட மேல போய் ஒட்டும். ச-வுக்கு நடு நாக்கு. ட-வுக்கு நுனி மடிஞ்சு மேலண்ணத்துல. த-வுக்கு நுனி பல்லுக்குப் பின்னாடி. ப-வுக்கு நாக்குக்கு வேலையே இல்ல, ரெண்டு உதடும் ஒட்டுது. அதாவது தொண்டைப் பக்கம் ஆரம்பிச்சு படிப்படியா உதடு வரைக்கும் வெளிய வர்றோம். நடுநடுவுல வர்ற ங ஞ ண ந ம அஞ்சும் அதே அதே இடம்தான், மூக்கு வழியா காத்து போறது மட்டும்தான் வித்தியாசம். அஞ்சு வயசுலயே வாயோட மேப்ப நம்ம கையில குடுத்துட்டாங்க.

மொழியியல்ல இந்தப் பகுதிக்கு ஒலியியல்னு பேரு. இத கத்துக்க நெனைக்கிறவங்க நெறைய பேர் பண்றது என்னன்னா, புக்குல இருக்கற வாய்ப் படத்தப் பாத்து வல்லண்ணம் மெல்லண்ணம்னு பேர மனப்பாடம் பண்ணுவாங்க, ரெண்டு நாள்ல மறந்துடும். அப்படிப் பண்ணாதீங்கன்னுதான் சொல்வேன். பேரு அப்புறம் தானா வரும், முதல்ல தொட்டுப் பாக்கணும். தேவையானது ஒரு சின்ன கண்ணாடி, ஒரு டிஷ்யூ பேப்பர், ரெக்கார்ட் பண்ண ஒரு போன், யாரும் "என்னடா தனியா பேசிக்கிட்டு இருக்கே"ன்னு கேக்காத ஒரு ரூம், அவ்ளோதான்.

முதல்ல எழுத்த மறந்துடுங்க

எழுத்து வேற ஒலி வேற. இது கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா நம்ம மூளை எழுத்துல அவ்ளோ ஊறிப் போயிருக்கு, ஒரே எழுத்துன்னா ஒரே சத்தம்னுதான் காதும் கேக்கும். "பம்பரம்"னு சொல்லுங்க. ரெண்டு ப இருக்கு. முதல் ப "பல்"ல வர்ற ப, ரெண்டாவது "பஸ்"ல வர்ற ப. ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல தனித்தனி எழுத்து, ஹிந்தியில தனித்தனி எழுத்து, நமக்கு மட்டும் ஒன்னு. நம்ம எழுத்துல குறை இருக்குன்னு அர்த்தம் இல்ல, ஏன்னு கொஞ்சம் கீழ சொல்றேன்.

உலகத்துல எல்லா மொழியிலயும் இந்தப் பிரச்சன ஏதாவது ஒரு விதத்துல இருக்கு, அதனாலதான் 1886-ல பாரிஸ்ல சில மொழி வாத்தியாருங்க சேந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சு, 1888-ல ஒரு ஒலிக்கு ஒரு குறின்னு சர்வதேச ஒலிப்பு எழுத்துக்கள வெளியிட்டாங்க. ஐபிஏன்னு சொல்றது அதத்தான், டிக்‌ஷனரியில வார்த்தைக்குப் பக்கத்துல விசித்திரமா எழுதிருக்குமே அது. அந்தக் குறிய எல்லாம் இப்ப படிக்க வேணாம், அந்த அட்டவணை எந்தக் கேள்விய வெச்சு கட்டப்பட்டிருக்குன்னு தெரிஞ்சா போதும்: எங்க அடைக்குது, எப்படி அடைக்குது, அப்ப தொண்டை அதிருதா இல்லயா. எந்த மெய்யொலி வந்தாலும் இந்த மூணு கேள்வியக் கேளுங்க, கூடவே மூக்கு திறந்திருக்கா மூடியிருக்கான்னு பாருங்க.

காத்து

பேச்சுக்கு பெட்ரோல் நுரையீரல்ல இருந்து வெளிய வர்ற காத்து. தமிழ்ல அத்தன ஒலியும் வெளிய வர்ற காத்துலதான் நடக்குது. ஆனா நாம அன்னாடம் பண்ற ஒன்னு இதுக்கு நேர் எதிர்: யாராவது கஷ்டத்தச் சொல்லும்போது "ச்சு ச்சு ச்சு"ன்னு உச்சுக் கொட்டுவோம்ல, அப்ப நாக்கு பல்லுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு காத்த உள்ள உறிஞ்சுது. மூச்ச அடக்கிக்கிட்டும் உச்சுக் கொட்ட முடியும், செஞ்சு பாருங்க, ஏன்னா அதுக்கு நுரையீரல் தேவையே இல்ல. நமக்கு அது வெறும் பரிதாபச் சத்தம், தென்னாப்பிரிக்காவுல ஜூலு, கோசா மொழிகள்ல அது க ச ட மாதிரி ஒரு மெய்யெழுத்து, வார்த்தைக்குள்ளயே வரும். வாயால பண்ண முடியற எல்லாத்தையும் எந்த மொழியும் எடுத்துக்கறதில்ல, ஒவ்வொன்னும் தனக்கு வேணுங்கறத மட்டும் பொறுக்கிக்குது.

தொண்டை அதிருதா?

குரல்வளைக்குள்ள ரெண்டு சின்ன சதை மடிப்பு இருக்கு, குரல் நாண்னு சொல்வாங்க. அது ரெண்டும் கிட்ட வந்து காத்துல படபடன்னு அடிச்சா குரல் வரும். ஆம்பளைங்களுக்கு செகண்டுக்கு சுமாரா 100-ல இருந்து 130 தடவ, பொம்பளைங்களுக்கு 200 தடவ பக்கம். கழுத்துல விரல வெச்சு "ஸ்ஸ்ஸ்"னு நீட்டுங்க, ஒன்னும் இருக்காது. இப்ப தேனீ மாதிரி, இங்கிலீஷ் இசட் எழுத்தோட சத்தத்த நீட்டுங்க, விரல்ல அதிர்வு தெரியும். வாய் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு, மாறினது தொண்டை மட்டும்.

ப, க மாதிரி படக்குன்னு முடியற ஒலிக்கு விரல் வெச்சா சரியா புடிபடாது. அதுக்கு ரெண்டு உள்ளங்கையாலயும் காத இறுக்கமா பொத்திக்கிட்டு மெதுவா "அப்பா" சொல்லுங்க, அப்புறம் "அம்பு" சொல்லுங்க. மண்டைக்குள்ள ஒரு ரீங்காரம் கேக்கும். "அப்பா"வுல நடுவுல அந்த ரீங்காரம் சுத்தமா நின்னுட்டு திரும்ப வரும், "அம்பு"ல ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நிக்கவே நிக்காது. இதே மாதிரி "பக்கம், பங்கு", "பட்டம், பண்டம்", "பச்ச, பஞ்சு", "பத்து, பந்து" எல்லாம் ஜோடி ஜோடியா சொல்லிப் பாருங்க.

இப்ப ஒரு விஷயம் தெரிய வரும். வல்லினம் வார்த்தைக்கு முதல்ல வந்தாலோ இரட்டிச்சாலோ தொண்டை அதிராது, மெல்லினத்துக்குப் பின்னாடி வந்தா அதிரும், ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தையா வந்தா இன்னும் இளகிடும். "அகம்"ல வர்ற க கிட்டத்தட்ட ஹ மாதிரி, "அதிகம்"ல வர்ற த-வுல நாக்கு பல்ல சும்மா உரசிட்டுப் போகுது, "படம்"ல வர்ற ட-வுல நாக்கு ஒரு தட்டு தட்டிட்டு எறங்கிடுது. இடத்தப் பாத்தாலே எந்தச் சத்தம்னு தெரிஞ்சிடும்ங்கறதால தனி எழுத்தே தேவைப்படல, பழந்தமிழ்ச் சொற்களுக்கு இந்த ஏற்பாடு கச்சிதமா வேலை செஞ்சது. மொழியியல்ல இதுக்கு ஒலியன், மாற்றொலின்னு பேரு. ப-ங்கறது தமிழ் மண்டைக்குள்ள ஒரே ஒலியன், வாயில அது இடத்துக்கு ஏத்த மாதிரி வேற வேற மாற்றொலியா வெளிய வருது. பஸ், கேஸ், டீசல், பாபுன்னு வெளிய இருந்து வார்த்தை வந்தப்பதான் இந்த ஏற்பாடு போதாம போச்சு.

ரெண்டு ஒலி தனித்தனி ஒலியனான்னு கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கு. ஒரே ஒரு ஒலிய மட்டும் மாத்தி அர்த்தம் மாறுதான்னு பாருங்க. "வலி, வளி, வழி", மூணும் வேற வேற, அப்ப ல ள ழ மூணும் ஒலியன். "பம்பரம்"ல ரெண்டு ப-வையும் இடம் மாத்தி சொன்னாலும் கேக்க வேடிக்கையா இருக்குமே தவிர வேற வார்த்தை ஆகாது, அப்ப அது மாற்றொலி.

டிஷ்யூ பேப்பர்

டிஷ்யூவ ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு உதட்டுக்கு முன்னாடி தொங்க விடுங்க. "பால், பல், பாட்டி" சொல்லுங்க, பேப்பர் ரொம்ப அசையாது. இங்கிலீஷ்காரங்க "பென்" சொல்லும்போது அதே பேப்பர் நல்லா தூக்கி அடிக்கும், ஏன்னா உதடு திறந்ததும் ஒரு கொத்து காத்து வெடிச்சு வருது. ஹிந்தியில இந்தக் காத்துதான் அர்த்தத்தையே மாத்துது, காத்து இல்லாம பல்னு சொன்னா கணம், காத்தோட சொன்னா பழம். ஹிந்தி கத்துக்கிற தமிழங்க தடுமாறறது பெரும்பாலும் இங்கதான், இதுக்கு பேப்பர விட நல்ல வாத்தியார் இல்ல. பேப்பர் ஆடாம ஒன்னு, ஆடி ஒன்னுன்னு மாத்தி மாத்தி சொல்லிப் பழகுங்க, காது அப்புறம் தானா பின்னாடி வரும்.

மூக்கு

உள்நாக்கு தொங்குதுல்ல, அத ஒட்டின மென்மையான சதைதான் மூக்குக்கு கதவு. அது எறங்கினா காத்து மூக்கு வழியா போகும். மூக்க இறுக்கிப் புடிச்சிக்கிட்டு "கத்தி, பட்டு, தச்சு" சொல்லுங்க, மாற்றமே இருக்காது. "மாமா" சொல்லுங்க, "பாபா"ன்னு வரும். ஜலதோஷத்துல நடக்கறது இதேதான்.

அடுத்தது எனக்கு ரொம்பப் புடிச்ச சோதனை, இதுக்கு கண்ணாடி வேணும். கண்ணாடியப் பாத்துக்கிட்டு, மேடையில பேசற மாதிரி இல்ல, வீட்டுல பேசற மாதிரி "அங்க ஒரு மரம்" சொல்லுங்க. கடைசியில உதடு மூடுதா? நம்மள்ல நெறைய பேருக்கு மூடாது. ம் அங்க இல்லவே இல்ல, அதுக்கு பதிலா ஓ மாதிரி ஒரு உயிரொலி மூக்கு வழியா வந்து முடிஞ்சிடுது. "அவன் வந்தான்" சொல்லும்போதும் அப்படித்தான், கடைசி ன்-ல நுனி நாக்கு மேல தொடாது, ஆ மூக்குல போயிடும். பிரெஞ்சு கத்துக்கிறவங்க மூக்கொலி உயிர் வரலன்னு அவ்ளோ கஷ்டப்படுவாங்க, நாம பொறந்ததுல இருந்து அத பேசிக்கிட்டு இருக்கோம், நமக்கே தெரியாது.

அப்ப ம் எங்க போச்சு? "மரமா?"ன்னு கேள்வியா கேளுங்க. டப்புன்னு உதடு மூடும். "வந்தானா?"ன்னு கேளுங்க, நாக்கு போய் தொடும். மனசுக்குள்ள ம்-மும் ன்-னும் பத்திரமா இருக்கு, பின்னாடி ஒரு உயிர் வந்தா வெளிய வருது, இல்லன்னா மூக்குக்குள்ள கரைஞ்சிடுது. கண்ணாடியில இத ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா, பேச்சுத் தமிழ் விதியே இல்லாத கொச்சைன்னு யாராவது சொன்னா உங்களால ஒத்துக்கவே முடியாது.

மெல்லினம் பக்கத்து வல்லினத்தோட இடத்துக்கே போய் உக்காந்துக்கும்ங்கறதையும் பாத்துடுங்க. "பங்கு, பஞ்சு, பண்டம், பந்து, பம்பரம்", ஒவ்வொன்னுலயும் மெல்லினத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நாக்கு ஒரே இடத்துல. வேகமா பேசும்போது "பணம் குடு" பணங்குடுன்னும், "அவன் போனான்" அவம்போனான்னும் ஆகறதும் அதேதான், சோம்பேறித்தனம் கிடையாது.

ல ள ழ

இங்க கொஞ்சம் நிதானமா இருப்போம், ஏன்னா இந்த மூணுக்காக பசங்க வாங்கற திட்டு கொஞ்ச நஞ்சம் இல்ல, திட்டறவங்கள்ல பாதிப் பேருக்கு நாக்கு எங்க போகணும்னு சொல்லிக் குடுக்கவும் தெரியாது. "நல்லா சொல்லு, அழுத்தி சொல்லு"ம்பாங்க. அழுத்தினா ழ வராது, ழ-வே அழுத்தாம வர்ற ஒலி.

முதல்ல ல். நுனி நாக்கு மேல் முன்பல்லுக்குப் பின்னாடி இருக்கற மேட்டுல, ஈறும் அண்ணமும் சேர்ற இடத்துல ஒட்டும். "ல்ல்ல்"னு நீட்டி, அப்படியே நாக்க அசைக்காம சத்தத்த மட்டும் நிறுத்திட்டு, வாய் வழியா மூச்ச உள்ள இழுங்க. நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் ஜில்லுன்னு இருக்கும். காத்து நடுவுல போக வழி இல்லாததால ஓரமா போகுது, ல்-ங்கறது அதுதான்.

இப்ப ள். நுனிய பின்னாடி இழுத்து மடிச்சு மேலண்ணத்துல ஒட்டுங்க, "பள்ளம்"ல வர்ற ள் இது. அதே மாதிரி மூச்ச இழுங்க, இப்பவும் ஓரம்தான் ஜில்லுங்கும். ல்-லும் ள்-ளும் காத்து போற வழியில ஒன்னு, நாக்கு ஒட்டற இடத்துலதான் வேற.

ழ்-க்கு நாக்கு ஒட்டவே கூடாது. வாயத் திறந்து "அ"ன்னு நீட்டிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க, அப்படியே நுனி நாக்க மெதுவா மேல தூக்கி பின்னாடி சுருட்டிக்கிட்டே போங்க. நாக்கோட ரெண்டு பக்கமும் மேல் கடைவாய்ப் பல்ல லேசா தொடும், நுனி மட்டும் எங்கயும் படாம அந்தரத்துல நிக்கும். ஒரு கட்டத்துல அ-வோட சத்தம் மாறி ழ் ஆயிடும், தொடர்ந்து போற சத்தம்ங்கறதால எந்த எடத்துல மாறுதுன்னு நல்லாவே கேக்கும். இப்ப மூச்ச இழுங்க: ஓரத்துல இல்ல, நடுவுல ஜில்லுங்கும், நாக்கோட அடிப்பக்கம் வரைக்கும். மூச்சு நடுவுல போச்சுன்னா அது ழ், ஓரமா போச்சுன்னா நுனி எங்கயோ பட்டுடுச்சு, ள் ஆயிடுச்சு. பிள்ளைங்களுக்கு சொல்லித் தரும்போதும் "எங்க ஜில்லுங்குது"ன்னு கேளுங்க, அஞ்சு வயசுப் பிள்ளையும் சரியா சொல்லிடும்.

இடம் கிடைச்சப்புறம் "அழ, பழம், வாழை, மழை"ன்னு ரெண்டு பக்கமும் உயிர் இருக்கற வார்த்தையில பழகுங்க. அப்புறம் "கிழவி, ஏழு, கூழ்". "வாழ்க்கை, மகிழ்ச்சி, தாழ்ப்பாள்" மாதிரி ழ்-க்கு ஒட்டியே வல்லினம் வர்றத கடைசியில வெச்சுக்கோங்க, அதுதான் இருக்கறதுலயே கஷ்டம். வாழைப்பழத் தோல்ல கிழவன் வழுக்கி விழற வாக்கியத்த எடுத்த எடுப்புலயே வேகமா சொல்ல வைக்கறாங்களே, அதனால ஒன்னும் பிரயோஜனம் இல்ல, இடம் தெரியாத நாக்கு தப்பான இடத்தயே வேகமா பழகிக்கும்.

தொல்காப்பியத்துல எழுத்ததிகாரத்துல பிறப்பியல்னு இதுக்குன்னே ஒரு இயல் இருக்கு. காத்து உந்தியில (தொப்புள் பக்கம்) இருந்து கெளம்பி, தலை, மிடறு (தொண்டை), நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம்னு எட்டு இடத்துல எப்படி ஒலியா மாறுதுன்னு சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொரு எழுத்தா போகுது. ர-வும் ழ-வும் நுனி நா மேல எழும்பி அண்ணத்த "வருட" பொறக்கும்னு இருக்கு, ற-வும் ன-வும் "ஒற்ற" பொறக்கும்னு இருக்கு. ஒட்டறதும் தடவறதும் வேற வேற வேலைன்னு மூச்ச இழுத்து நாம இப்ப பாத்தத, எந்தக் கருவியும் இல்லாம வாய மட்டும் கவனிச்சு எழுதி வெச்சிருக்காங்க. நீங்களும் அதே முறையிலதான் கத்துக்கிறீங்க.

இன்னொன்னயும் சொல்லிடறேன், ழ-வ ள-வா சொல்றவங்கள கிண்டல் பண்ணாதீங்க. தெக்கத்தி ஜில்லாக்கள்ல நெறைய பேர், யாழ்ப்பாணத்துல நெறைய பேர் பேச்சுல ழ-வையும் ள-வையும் ஒன்னா ஆக்கிட்டாங்க, வடக்குப் பக்கம் ய-வா சொல்றவங்களும் இருக்காங்க. மேடையில பாடணும், நியூஸ் வாசிக்கணும்னா பழகிக்கலாம். ஒரு ஊரே ஒரே மாதிரி பேசுதுன்னா அது அந்த ஊரோட வழக்கு, பிழை கிடையாது, மொழியியல் ஆரம்பமே அங்கதான்.

ர, ற, அப்புறம் அந்த ற்ற

ர-வுக்கு நுனி ஒரு தட்டு தட்டும், ற-வுக்கு படபடன்னு உருளும், அதாவது எழுத்துல அப்படி. தமிழ்நாட்டுப் பேச்சுல பெரும்பாலானவங்களுக்கு "அரை"யும் "அறை"யும் ஒன்னுதான், அதனால காதுல கேட்டு வித்தியாசம் புடிக்க முடியலன்னா கவலப்பட ஒன்னும் இல்ல. நீலகிரியில தோடர்கள் பேசற மொழியில உருளற ஒலி மட்டுமே மூணு தனித்தனி இடத்துல பொறக்குது, இத பீட்டர் லேடிஃபோகெட், பெரி பாஸ்கரராவ் மாதிரி ஒலியியல் ஆளுங்க அளந்து எழுதிருக்காங்க. ஊட்டிக்குப் போறவங்க எத்தன பேருக்கு இது தெரியும்!

ற்ற-தான் சுவாரசியம். "காற்று"ன்னு வாசிக்கும்போது நாம ட்ர மாதிரி ஒன்னு சொல்றோம், பேசும்போது "காத்து"ங்கறோம். யாழ்ப்பாணத்துக்காரங்க பேசறத கவனிச்சுக் கேளுங்க, அவங்க ற்ற த்த-வும் இல்ல ட்ட-வும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல, ல் சொல்ல நாக்கு ஒட்டுச்சே அதே மேட்டுல அழுத்தி எடுக்கற ஒலி. மலையாளத்துல இந்த மூணும் இன்னிக்கும் தனித்தனி ஒலியன்: குத்தி, குற்றி, குட்டி, மூணும் மூணு அர்த்தம். மலையாளம் பேசற பிரண்டு இருந்தா மூணையும் வரிசையா சொல்லச் சொல்லி நாக்கு எங்க போகுதுன்னு கேளுங்க, பல், மேடு, மடிப்புன்னு ஒவ்வொரு படியா பின்னாடி போகும்.

அந்த நடு எடம்தான் இங்கிலீஷ் "டி" எழுத்தோட எடமும். இப்ப புரியும், இலங்கைத் தமிழர்கள் ஏன் ரொறன்ரோ, பற்றறின்னு எழுதறாங்க, நாம ஏன் டொரண்டோ, பேட்டரின்னு எழுதறோம்னு. ஒரே ஒலியத்தான் ரெண்டு பேரும் கேட்டிருக்கோம், நாக்குல அந்த மேட்டு ஒலி உயிரோட இருக்கறவங்க அதுக்குன்னு இருக்கற ற-வ எடுத்தாங்க, நாம பக்கத்து வீட்டு ட-வ எடுத்துக்கிட்டோம்.

உயிரொலி

மெய்க்கு தொடற இடம் இருக்கு, உயிருக்கு தொடறதே கிடையாது, அதனால புடிக்கறது கொஞ்சம் கஷ்டம். இங்க கேக்க வேண்டியது நாக்கு மேலயா கீழயா, முன்னாடியா பின்னாடியா, உதடு குவியுதா இல்லயா. "ஈ, ஏ, ஆ" சொன்னா தாடை படிப்படியா எறங்கும். "ஈ, ஊ" மாத்தி மாத்தி சொன்னா நாக்கு முன்னும் பின்னும் போகும், உதடு குவியும் விரியும். இப்ப "ஈ"ய நீட்டிக்கிட்டே நாக்க அசைக்காம உதட்ட மட்டும் ஊ மாதிரி குவிங்க. வர்ற ஒலி தமிழ்ல இல்ல, பிரெஞ்சுலயும் ஜெர்மன்லயும் இருக்கு.

இத அப்படியே திருப்பிப் போடுங்க: "ஊ" சொல்லிக்கிட்டே உதட்ட மட்டும் விரிங்க. இது எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? அதான் குற்றியலுகரம். கண்ணாடி முன்னாடி "பசு" சொல்லுங்க, கடைசியில உதடு குவியும். "காசு" சொல்லுங்க, குவியாது. ரெண்டுலயும் சு-தான் எழுதறோம். "தெரு, பாட்டு", "நடு, நாடு" எல்லாத்தையும் கண்ணாடியில பாருங்க. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைன்னு படிச்சோம், மார்க்குக்காக எழுதினோம், உதடும் சேந்து மாறுதுங்கறது கண்ணாடியப் பாத்தாதான் தெரியுது.

நாக்குல மை, போன்ல படம்

உணர்ந்தது சரிதானான்னு கண்ணால பாக்கணும்னா ஒலியியல் ஆளுங்க பண்ற ஒரு வழி இருக்கு. கரித்தூள எண்ணெயில குழைச்சு நாக்குல பூசிக்கிட்டு ஒரே ஒரு ஒலியச் சொல்லிட்டு, வாயத் திறந்து மேலண்ணத்துல எங்க கறை பட்டிருக்குன்னு சின்ன கண்ணாடி வெச்சு போட்டோ எடுப்பாங்க. வீட்டுல கோகோ பவுடர கொஞ்சம் சமையல் எண்ணெயில குழைச்சா போதும். முதல்ல வாயத் துடைச்சிட்டு நாக்கு மேல்பக்கம் பூசி, எச்சில் முழுங்காம "அத்த"ன்னு ஒரே தடவ சொல்லிட்டு வாயத் திறங்க. சின்ன கண்ணாடிய கீழ்ப்பல்லு மேல சாய்ச்சு வெச்சு இன்னொருத்தர படம் எடுக்கச் சொல்லுங்க. கறை பல்லோட பின்பக்கத்துலயே இருக்கும்.

வாயக் கழுவிட்டு திரும்ப பூசி "அட்ட" சொல்லுங்க. கறை சரியாவே விழலன்னா பயப்படாதீங்க, தமிழ் ட-வுக்கு நெறைய பேருக்கு நாக்கோட அடிப்பக்கம்தான் அண்ணத்துல படுது, அவ்ளோ தூரம் மடியுது. அதனால அடிப்பக்கத்துல பூசிட்டு திரும்ப சொல்லுங்க, அண்ணத்துல பல்லுல இருந்து நல்லா தள்ளி கறை தெரியும். ஹிந்தி ட இவ்ளோ மடியாது, முடிஞ்சா ஹிந்திக்கார பிரண்டுக்கும் எடுத்துப் பாருங்க, ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா வித்தியாசம் பளிச்சுன்னு இருக்கும்.

கம்ப்யூட்டர்ல பாக்கறது

பிராட்னு ஒரு சாஃப்ட்வேர், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல பால் போர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ரெண்டு பேரும் பண்ணினது, இலவசம், ஒலியியல் ஆராய்ச்சி பண்றவங்க உலகம் பூரா இதத்தான் வெச்சிருக்காங்க. திறந்ததும் நியூ மெனுவுல ரெக்கார்ட் மோனோ சவுண்ட் போய் "படம், பட்டம், பண்டம்" மூணையும் நடுவுல இடைவெளி விட்டு ரெக்கார்ட் பண்ணி, லிஸ்ட்ல சேவ் பண்ணி, வியூ அண்ட் எடிட் அமுக்குங்க. மேல அலை, கீழ சாம்பல் கலர்ல ஒலியோட படம் வரும். "பட்டம்"ல ட்ட வர்ற இடத்துல ஒன்னுமே இல்லாம வெள்ளையா ஒரு வெற்றிடம், அதுதான் நாக்கு அடைச்சிக்கிட்டு தொண்டையும் சும்மா இருந்த நேரம். "படம்"ல அந்த இடம் கண்ணு சிமிட்டற அளவுதான். "பண்டம்"ல அடியில ஒரு கருப்புப் பட்டை அறுபடாம ஓடும், காதப் பொத்திக்கிட்டு கேட்டோமே, அந்த ரீங்காரம்தான் அது. மவுசால வெற்றிடத்த செலக்ட் பண்ணா எத்தன செகண்டுன்னு காட்டும், இரட்டிச்ச ட்ட எத்தன மடங்கு நீளம்னு உங்க குரல்லயே அளந்துக்கலாம்.

ஒரு நாளைக்கு ஒரு ஒலிக் குடும்பம் போதும், எல்லாத்தையும் ஒரே ராத்திரியில பண்ணா எதுவும் நிக்காது. ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு ஒலிக்கும் எங்க தொடுது, காத்து எந்த வழி, தொண்டை, மூக்குன்னு எழுதிக்கிட்டே வாங்க. அப்புறம் வீட்டுல இருக்கற பெரியவங்க, வேற ஊர்க்காரங்க யாராவது கெடைச்சா அவங்கள "பழம், பள்ளம், பல்லு, கறி, கரி, காற்று, கன்னு, மரம், பசு, காசு" இந்த பத்தையும் அவங்க வழக்கமா பேசற மாதிரியே சொல்லச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. வாசிக்கக் குடுக்காதீங்க, வாசிச்சா எழுத்துக்கு ஏத்த மாதிரி நாக்க மாத்திக்குவாங்க, பொருளக் காட்டி "இது என்ன"ன்னு கேளுங்க.